தீட்டு விளக்கு

வேணுகோபால் செத்துப்போன சேதி வந்தபோது ஜெயம்மாள் திரி முறுக்கிக்கொண்டிருந்தாள்.

வீட்டு விளக்குக்குப் போடுகிற திரி இல்லை அது. ஆள் தொடை மொத்தம், ஐந்து முழ நீளம். நாலு புது வேட்டியைக் கிழித்து, சின்ன காஞ்சிபுரத்துத் தறி வீடுகளில் இருந்து வருஷா வருஷம் கொடுத்தனுப்பும் நூலை உள்ளே வைத்து, ஒரு முனையைத் தூணில் கட்டி, மறுமுனையைப் பிடித்து இழுத்து முறுக்க வேண்டும். தோள்பட்டை கழன்று போகும். மருமகள் துளசி நடுவில் உட்கார்ந்து, பிசிறு எழாமல் நீவிக் கொடுத்தாள். கார்த்திகைக்கு இன்னும் ஆறு நாள் இருந்தது. ஐப்பசியில் பிடித்த மழை விடாமல் தூறிக்கொண்டே இருந்தது.

மகன் விமல்ராஜ் சைக்கிளை அப்படியே வாசலில் சாய்த்துவிட்டு உள்ளே ஓடி வந்தான்.

"எம்மா, வேணு சித்தப்பா பூட்டாரு."

"இன்னாடா சொல்ற?"

"நெஞ்சு வலிக்குதுன்னு சொன்னாராம். வேன் வெச்சி ஆஸ்பத்திரிக்கு இட்டுக்கினு போயிருக்காங்க. செவிலிமேடு தாண்டல. பாலாத்துப் பாலத்து மேலயே உசுரு போயிடுச்சி."

ஜெயம்மாளின் கை தானாக விட்டது. முறுக்கிய திரி தூணில் இருந்து கிறுகிறுவென்று பிரிந்து, தரையில் புரண்டது. ஐம்பது வயதுகூட ஆகாத மனுஷன் செத்திருக்கிறான். அவளுக்கு முதலில் தோன்றியது அவன் முகம் இல்லை, பாறைதான். அதற்காகத் தன்னையே மனதுக்குள் திட்டிக்கொண்டாள்.

காஞ்சிபுரத்தில் எந்த மொட்டை மாடியில் ஏறி நின்றாலும் தெற்கே, பாலாற்றுக்கு அந்தப் பக்கம், ஒரு பாறை தெரியும். ஒரு பக்கம் உயர்ந்து மறுபக்கம் சரிந்து, விரித்த சிறகு மாதிரி கிடக்கும். அதுதான் ரெக்கைப் பாறை. அதன் அடியில் நாற்பது வீடுள்ள கள்ளிப்பாக்கம். சீதையைத் தூக்கிக்கொண்டு போன ராவணனைச் சடாயு மறித்தபோது, வெட்டுப்பட்ட ரெக்கை விழுந்த இடம் இது என்பார்கள். உடம்பு போய் விழுந்தது திருப்புட்குழியில். பாறையின் மேல் வரிவரியாக ஓடும் கோடுகள் இறகின் நரம்பு. மழை பெய்தால் சிவப்பாக வழிவது பறவையின் ரத்தம். ராமன் திருப்புட்குழியில் உடம்புக்குக் கொள்ளி வைத்துவிட்டு, ரெக்கைக்கும் ஒரு நெருப்பு வைக்க வேண்டும் என்று இங்கே வந்தானாம். அந்த நெருப்புதான் கார்த்திகை அன்று பாறை உச்சியில் கொப்பரையில் எரிகிற விளக்கு. அதைப் பார்த்த பிறகுதான் தறிக்காரத் தெருவில் அகல் வைப்பார்கள்.

விளக்கு ஏற்றுகிற முறை ஜெயம்மாளின் புருஷன் ராஜகோபால் வீட்டுக்கு. நாலு தலைமுறையாக அந்தக் கைதான். நாலு ஏக்கர் சம்பா நெல்லும் ரெண்டு மாடும் வைத்திருந்த மனுஷனுக்கு ஊரில் இருந்த ஒரே பெரிய மரியாதை அதுதான்.

இந்த வருஷம் அந்த விளக்குக்கு மரியாதையை விடப் பெரிய வேலை ஒன்று வந்து சேர்ந்திருந்தது. நாலு வழிச் சாலைக்கு ஜல்லி வேண்டும் என்று பாறையை ஏலம் விடப்போவதாக ஆடி மாசம் நோட்டீஸ் ஒட்டினார்கள். சின்ன காஞ்சிபுரத்துச் சக்ரவர்த்தி வாத்தியார்தான் ஊருக்காக மனு எழுதிக் கொடுத்தார். அதிகாரி ஒருவர் ஜீப்பில் வந்து பாறையைச் சுற்றிப் பார்த்தார். நல்ல மனுஷன்தான்.

"கோயில் கட்டடம் இல்ல. சிலை இல்ல. கல்வெட்டு இல்ல. விளக்கு ஏத்துறோம்னு சொல்றீங்க. கார்த்திகை அன்னைக்கு நானே வரேன். எரியுறதக் கண்ணால பார்த்துட்டேன்னா, வழிபாட்டுல இருக்குற பாறைன்னு எழுதிடுவேன். அப்புறம் எந்தக் கொம்பனாலும் தொட முடியாது. எரியலைன்னா என்னால ஒண்ணும் பண்ண முடியாது" என்று சொல்லிவிட்டுப் போனார்.

இப்போது பங்காளி செத்துவிட்டான். பங்காளி வீட்டில் சாவு விழுந்தால் பதினாறு நாள் தீட்டு. ஒரு வருஷத்துக்குப் பண்டிகை கிடையாது, மலை ஏறக் கூடாது.

*

பிணத்தை அன்று சாயங்காலமே எடுத்தார்கள். பாலாற்றங்கரையில் ஈர விறகு பற்றாமல் மண்ணெண்ணெய் ஊற்றி எரித்தார்கள். ராஜகோபால் எட்டு வருஷத்துக்குப் பிறகு அன்றைக்குத்தான் வேணுகோபால் வீட்டு வாசப்படி ஏறினார். தலைமாட்டில் நின்றார், தோள் கொடுத்தார், கரையில் உட்கார்ந்து குழந்தை மாதிரி அழுதார் என்று விமல்ராஜ் வந்து சொன்னான்.

குளித்துவிட்டு ஈரத் துண்டோடு வீட்டுக்குள் வந்தவர் தரையில் கிடந்த திரியைப் பார்த்தார்.

"அதை எடுத்துப் பரண்ல போடு."

"இன்னாங்க சொல்றீங்க?"

"இந்த வருஷம் வெளக்கு இல்ல."

ஜெயம்மாள் சோறு போட்டாள். தீட்டு வீட்டில் எண்ணெய்ச் சட்டி வைக்கக் கூடாது. தாளிக்காத ரசமும் சுட்ட அப்பளமும்தான். அவர் ரெண்டு வாய் சாப்பிடும் வரைக்கும் பொறுத்தாள்.

"ஆபீசரு வராரு."

"வரட்டும்."

"வந்து இன்னா பாப்பாரு? மழையில நனையற பாறையப் பாப்பாரா?"

"பங்காளி செத்திருக்கான்னு சொன்னா புரிஞ்சிக்குவாரு. படிச்ச மனுசன்."

"பங்காளியா?" ஜெயம்மாள் ரசக் கிண்ணத்தைத் தரையில் வைத்தாள். "எட்டு வருசமா அந்த ஆளு இருக்கானா செத்தானான்னு பாக்கல நீங்க. அவுங்க பொண்ணு மஞ்ச நீராட்டுக்கு என்னையும் போவ வுடல. இன்னா பண்ணிட்டாரு? வெளக்கு ஏத்தறப்ப காத்துல பந்தம் சாயுதேன்னு ஒரு தபா கைய வெச்சிப் பிடிச்சாரு. அதுக்கு ஊரு முன்னாடி, 'நீ எனக்குப் பங்காளியே இல்லடா'ன்னு கத்துனது யாரு? உசுரோட இருந்தப்ப பங்காளி இல்ல, செத்தப்புறம் பங்காளி ஆயிட்டாரா?"

"வாயி சொல்றது வேற. ரத்தம் வேற."

"சரி, ரத்தம். அப்ப வேற கையில குடுங்க. சம்பந்தம் அண்ணன் இருக்காரு, வேற வகையறா. அவருக்குத் தீட்டு இல்ல."

ராஜகோபால் நிமிர்ந்து பார்த்தார்.

"இன்னைக்குக் குடுத்தா நாளைக்கு அவன் முறைன்னு நிப்பான். நாளான்னிக்கு அவன் புள்ள நிப்பான். எங்க தாத்தன், முப்பாட்டன் கை அது. டீக்கடைக்காரன் கையில குடுக்கச் சொல்றியா?"

"பாறையே இல்லாம போனா எந்தக் கையி எங்க ஏத்தும்?"

"போவாது."

"நான் ஒண்ணு கேக்கறேன், பதில் சொல்லுங்க. அந்தப் பறவ ராமனுக்கு இன்னா ஒறவு? பங்காளியா? மாமன் மச்சானா? ஒண்ணுமில்லாத ஒரு பட்சிக்கு அவரு கொள்ளி வெச்சாரே, முறை பாத்தா வெச்சாரு? அந்த நெருப்பத்தான நாம ஏத்தறோம்?"

துளசி அடுப்படியில் இருந்து எட்டிப் பார்த்தாள். மாமியார் இப்படிப் பேசி அவள் கேட்டதில்லை. ராஜகோபால் தட்டில் மிச்சம் இருந்த பருக்கைகளை வழித்துச் சாப்பிட்டார்.

"அவரு ராமரு" என்றார் கடைசியில். "நான் கள்ளிப்பாக்கத்து ராஜகோபாலு."

கையைக் கழுவிக்கொண்டு எழுந்துவிட்டார்.

*

மறுநாள் சம்பா வயலில் களை எடுத்துவிட்டு, சேற்றுக் காலோடு ஜெயம்மாள் திருஞானசம்பந்தத்தின் டீக்கடைக்குப் போனாள். கடையில் யாரும் இல்லாத நேரமாகப் பார்த்துத்தான் போனாள்.

"அண்ணே, நீங்க ஏத்துங்க."

அவர் பாய்லருக்குக் கரி போட்டுக்கொண்டே சிரித்தார். "நானா? உங்க வூட்டுக்காரர் அருவாளத் தூக்கிக்கினு வருவாரு. அவுரு வாயால ஒரு வார்த்த சொல்லட்டும்மா, இடுப்புல துணியில்லாட்டியும் ஏறிடறேன்."

"அவரு சொல்ல மாட்டாரு."

"அப்ப என்னால ஆவாது. முறைன்னு ஒண்ணு இருக்குதில்ல? டீ குடிக்கிறியா?"

அங்கிருந்து வேணுகோபால் வீட்டுக்குப் போனாள். பெண்கள் சுவர் ஓரமாக உட்கார்ந்திருந்தார்கள். அவன் பெண்டாட்டி கிருஷ்ணவேணி ஒரு மூலையில், தலை கலைந்து கிடந்தாள். ஜெயம்மாளைப் பார்த்ததும் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"யக்கா, வேன்ல போவும்போதுகூட அவரு கேட்டாருக்கா. மழ வுடுமா, கார்த்திகைக்கு ஏறலாமான்னு. எட்டு வருசமும் வந்துக்கினுதான் இருந்தாரு. கூட்டத்துக்குப் பின்னால தலையில துண்டப் போட்டுக்கினு நின்னு பாத்துட்டு வந்துருவாரு. மாமாவுக்குத் தெரியாது."

ஜெயம்மாள் அவள் கலைந்த தலையை ஒதுக்கிவிட்டாள்.

"வெளக்கு இல்லன்னு சொல்றாரு வேணி உங்க மாமா. தீட்டாம்."

"எங்க வூட்டுச் சாவுதானக்கா? எம் புருசன்தான? நான் சொல்றேன், ஏத்துங்க. அவரு பேருல பாற போச்சின்னு நாளைக்கு ஊரு சொல்லணுமா?"

இதை ராத்திரி வீட்டில் சொன்னபோது ராஜகோபால், "பொட்டச்சி சொன்னா தீட்டு கழிஞ்சிருமா?" என்று மட்டும் கேட்டார். மகனிடம் போனாள். விமல்ராஜ் தலையைச் சொறிந்தான். "எனக்கும்தானம்மா தீட்டு. நைனாவ மீறி நான் எப்படி ஏறுறது?"

பரணில் கிடந்த திரியை மறுநாள் அவளே இறக்கினாள். யாரும் இல்லாத நேரத்தில் தூணில் கட்டி, ஒண்டியாக முறுக்கி முடித்தாள். பிசிறு பிசிறாகத்தான் வந்தது. பரவாயில்லை என்று விட்டுவிட்டாள்.

*

கார்த்திகை அன்று மத்தியானம் வரை மழை. மூணு மணிக்குமேல் வெறித்தது. எண்ணெய் டின்கள் பதினைந்து நாள் முன்பே, சாவுக்கு முன்னாலேயே, மேலே போய்ச் சேர்ந்துவிட்டன. கொப்பரை எப்போதும் அங்கேதான் கவிழ்ந்து கிடக்கும்.

ராஜகோபால் வயலுக்கு மடை திறக்கப் போயிருந்தார். ஜெயம்மாள் தலைக்கு ஊற்றிக்கொண்டு, திரியைப் பிளாஸ்டிக் உர மூட்டையில் சுற்றித் தலையில் வைத்துக்கொண்டு கிளம்பினாள். துளசி வாசலில் நின்று பார்த்தாள்.

"அத்தே, வேணாம் அத்தே. மாமா கொன்னுடுவாரு."

"கொல்லட்டும். கொன்னாலும் எனக்கும் பதினாறு நாள் தீட்டுதான. சேத்துக் கழிச்சிருங்க."

பாறையில் செதுக்கிய படி நூற்றுப் பத்து. பாசி பிடித்து வழுக்கியது. சிவப்புத் தண்ணீர் படியெல்லாம் ஓடியது. ஐம்பதாவது படியில் மூச்சு வாங்கி உட்கார்ந்தாள். வருஷா வருஷம் திரியை அடிவாரம் வரைக்கும்தான் அவள் சுமந்து வந்து கொடுப்பாள். மேலே ஏறுவது ஆம்பிளைகள்தான். முப்பது வருஷமாக இந்த ஊரில் வாழ்ந்து, உச்சியை அவள் மிதிப்பது இதுதான் முதல் தடவை.

மேலே காற்று ஆளைத் தள்ளியது. வடக்கே காஞ்சிபுரம் முழுக்கத் தெரிந்தது. நனைந்த கோபுரங்கள், அவற்றுக்கு நடுவே தறி வீட்டு ஓடுகள், பாலாற்றில் செந்தண்ணீர். கொப்பரையைப் புரட்டி நிமிர்த்த அவள் பட்ட பாடு பறவை பட்டிருக்காது. டின்னைக் கவிழ்த்தாள். திரியைச் சுருட்டி இறக்கி, முனையை நீட்டிவிட்டாள். முதல் நாலு குச்சி அணைந்தது. ஐந்தாவதை முந்தானைக்குள் மறைத்து, ஒரு கந்தல் துணியில் பற்றவைத்து, அதைத் திரியில் வைத்துக் குனிந்து ஊதினாள். புருவம் பொசுங்கியது.

பிடித்துக்கொண்டது.

கீழே கூட்டம் சேர்ந்திருந்தது. விளக்கு எரிவதைப் பார்த்ததும், யார் ஏற்றினார்கள் என்று தெரியாமலேயே, "கோவிந்தா! கோவிந்தா!" என்று சத்தம் எழுந்தது. ஜெயம்மாள் அந்தச் சத்தத்தில் அழுதாள்.

ஜீப் வந்து நிற்பது மேலிருந்தே தெரிந்தது. அவசரமாக இறங்கினாள். கடைசிப் பத்துப் படி இருக்கும்போது அதிகாரியின் குரல் கேட்டது. அவர் ஜீப் முன்பக்கத்தில் காகிதத்தை வைத்து, ஒருவன் அது பறக்காமல் பிடித்துக்கொள்ள எழுதிக்கொண்டிருந்தார்.

"அருமையா எரியுது. போதும். பரம்பரையா ஏத்துறது யாரு? மனுவுல ராஜகோபால்னு இருக்குது."

"நான்தாங்க சார்."

வயல் சேறு முழங்கால் வரைக்கும் ஒட்டியிருக்க, ராஜகோபால் கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் வந்தார்.

"வாங்க பெரியவரே. இன்னைக்கும் நீங்கதான ஏத்துனீங்க? ஒரு கையெழுத்துப் போடுங்க."

"இன்னைக்கு வெளக்கு ஏத்தல சார்."

அதிகாரி நிமிர்ந்து பாறை உச்சியைப் பார்த்தார். பிறகு ராஜகோபாலைப் பார்த்தார். "அப்ப அது என்ன?"

"அது நெருப்பு சார். வெளக்கு இல்ல. எங்க வகையறாவுல சாவு விழுந்திருக்குது. தீட்டுல ஏத்துனா அது பூசையில சேராது. இந்த வருஷம் பூசை இல்லைன்னு எழுதிக்குங்க. அடுத்த கார்த்திகைக்கு முறையா ஏத்துவேன். அப்ப வந்து பாருங்க."

"யோவ் ராஜகோபாலு" என்று திருஞானசம்பந்தம் பின்னாலிருந்து ஆரம்பித்தார். ராஜகோபால் திரும்பிப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டார்.

"பெரியவரே, யோசிச்சுச் சொல்லுங்க" என்றார் அதிகாரி. குரலைத் தாழ்த்தினார். "யார் ஏத்துனா என்ன, எரியுதுன்னு எழுதிட்டுப் போறேன். நீங்க ஒண்ணும் சொல்ல வேணாம். சும்மா கையெழுத்துப் போடுங்க."

"பொய்யில கையெழுத்துப் போட்டு சாமியக் காப்பாத்தச் சொல்றீங்களா சார்?"

"இந்த ஃபாரத்துல அடுத்த வருஷத்துக்கு எடம் இல்ல."

"அது உங்க ஃபாரம் சார். இது எங்க முறை."

ஜெயம்மாள் படியில் இருந்தே கத்தினாள். "சார்! நான்தான் சார் ஏத்துனேன்! முப்பது வருசமா திரி முறுக்குறது நான்தான் சார்! எரியுது, பாருங்க சார்!"

எல்லோரும் திரும்பினார்கள். நனைந்த சேலையும் பொசுங்கிய புருவமுமாக அவள் நின்றாள். அதிகாரி காகிதத்தில் மேலும் கீழும் தேடினார்.

"உங்க பேரு மனுவுல இல்லையேம்மா" என்றார். உண்மையாகவே வருத்தப்பட்ட மாதிரிதான் இருந்தது.

ஐந்து நிமிஷம் முன்னால் கோவிந்தா போட்ட நாற்பது வீட்டு வாயும் மூடிக்கொண்டது. அதிகாரி எழுதியதை ஒரு தரம் வாசித்துக் காட்டினார். 'இவ்வாண்டு வழிபாடு நடைபெறவில்லை என உரிமையுடையவரே தெரிவித்தார்.' ராஜகோபால் கையை வேட்டியில் துடைத்துக்கொண்டு, எழுத்து எழுத்தாக, அழகாகக் கையெழுத்துப் போட்டார். மேலே விளக்கு நன்றாகக் கொழுந்துவிட்டு எரிந்தது. அன்றைக்குத் தறிக்காரத் தெருவில் அதைப் பார்த்துத்தான் அகல் வைத்தார்களாம்.

*

பாறை ஏலம் போய், மாசி மாசம் துளை போடுகிற கம்ப்ரஸர் வந்து இறங்கியது. காலை பதினொரு மணிக்கு ஒரு வெடி, சாயங்காலம் நாலு மணிக்கு ஒரு வெடி. முதல்முதலில் ரெக்கையின் நுனியை உடைத்தார்கள். வீட்டுச் சுவரில் விரிசல் விட்டது. சோற்றில் கல் மாவு கடிபட்டது. சம்பா அறுப்புக்குப் பிறகு ஊரில் பாதிப் பேர் அங்கேயே வேலைக்குப் போனார்கள். விமல்ராஜ் டிப்பர் ஓட்டினான்.

வருஷம் திரும்பியது. தீட்டு கழிந்தது. அடுத்த கார்த்திகை அன்று ராஜகோபால் தலைக்குக் குளித்து, ஈர வேட்டியோடு பாறைக்குப் போனார். கேட்டில் வாட்ச்மேன் தடுத்தான். "பெரியவரே, குழியில மருந்து வெச்சிருக்குது. உள்ள வுட முடியாது." அவர் கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டுத் திரும்பினார். வீட்டுக்கு வந்து, உட்கார்ந்து சோறு கேட்டார். ஜெயம்மாள் போட்டாள். இன்றைக்காவது ஒரு வார்த்தை சொல்லுவார் என்று பக்கத்திலேயே நின்றாள்.

"கொழம்புல உப்பு பத்தல" என்றார்.

அவ்வளவுதான். ஊர் அவரை ஒரு வார்த்தை சொல்லவில்லை. பொய்க்குக் கையெழுத்துப் போடாத மனுஷன் என்று டீக்கடையில் பெஞ்சு ஒதுக்கிக் கொடுத்தார்கள். ஜெயம்மாள் தண்ணீர் பிடிக்கப் போனால் குழாயடியில் பேச்சு நின்றது. கிருஷ்ணவேணி மட்டும் பேசுவாள். அவளும் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு தாய் வீட்டோடு போய்விட்டாள்.

அதற்கும் அடுத்த வருஷம், ஒரு வைகாசி மாசம், ஜெயம்மாள் டவுனுக்குப் போக பஸ் ஏறினாள். வரதராஜப் பெருமாள் கருடசேவைக்குப் போகிற கூட்டம், நிற்க இடமில்லை. ஜன்னலோரம் எப்படியோ ஒரு சீட்டு கிடைத்தது. ரெண்டு ஸ்டாப் தள்ளிப் பக்கத்து சீட்டு காலியாக, அங்கே ஏறிய ஒரு பெண் இடித்துப் பிடித்துப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். மடியில் துளசி மாலையும் பையும். நல்ல வாயாடி. உட்கார்ந்ததுமே பேச ஆரம்பித்துவிட்டாள். ஜன்னல் வழியே பாதியாக நின்ற பாறையும் மேலே எழும் புழுதியும் தெரிந்தன.

"பாத்தியாம்மா, எப்பேர்ப்பட்ட பாற! சடாயு ரெக்க விழுந்த எடம் அது. அந்த யுகத்துல இருந்து ஒரு கீறல் விழல. ஒரு பொம்பளையால போச்சி."

"பொம்பளையாலயா?"

"உனக்குத் தெரியாதா? தீட்டோட ஏறி வெளக்கு ஏத்திட்டா ஒருத்தி. சாவு வூட்டுல இருந்து நேரா ஏறிட்டாளாம். கால வெச்ச எடத்துல பாற பொளந்து, ரத்தமா ஊத்திச்சாம். அன்னைக்கே அவ கண்ணு ரெண்டும் அவிஞ்சி பூடுச்சி. கெவர்மென்டு இன்னா பண்ணும்? சாமியே எழுந்து போனப்புறம் அது வெறும் கல்லுதான."

"அவ புருசன்?"

"அந்த மனுசன் தங்கம்பா. அப்படிப்பட்டவளுக்கு இன்னும் சோறு போட்டு வூட்டுல வெச்சிக்கினு இருக்காராம். ஒரு வார்த்த சொன்னதில்லையாம்."

"அதென்னவோ நெசம்தான்" என்றாள் ஜெயம்மாள். "ஒரு வார்த்த சொன்னதில்ல."

அந்தப் பெண் திரும்பி அவளை நன்றாகப் பார்த்தாள். "உனக்கு எந்த ஊரும்மா?"

"கள்ளிப்பாக்கம். கண்ணு அவியலம்மா. நல்லாத்தான் தெரியுது."

அந்தப் பெண் மாலையையும் பையையும் சேர்த்து மார்போடு அணைத்துக்கொண்டு எழுந்தாள். கூட்டத்துக்குள் புகுந்து, மேல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். யார் காதிலோ என்னவோ சொன்னாள். பஸ் பாலாற்றுப் பாலம் ஏறியது. ஆள்மேல் ஆள் சாய்ந்து நின்றார்கள். ஒரு குழந்தை நசுங்கி அழுதது. கண்டக்டர் உள்ளே போ, உள்ளே போ என்று கத்தினான். செவிலிமேடு தாண்டி, சின்ன காஞ்சிபுரம் வந்து எல்லோரும் இறங்குகிற வரைக்கும், ஜெயம்மாளுக்குப் பக்கத்து இடத்தில் யாரும் உட்காரவில்லை.